தீ தின்னும் புல், ஆடு தின்னும் புல்

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர் அருகே, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைப் புல்வெளித் தீ வளைத்துக்கொண்டது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்திருந்தவர்கள் அவர்கள். மலையிலேயே சிலரும், பிறகு மருத்துவமனைகளில் பலருமாக 23 பேர் இறந்தார்கள். முதலில் மலையேறிச் சென்று, காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தவர்களில் குரங்கணி ஊர்க்காரர்களும் உண்டு. ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ரா தலைமையில் அரசு விசாரணைக் குழு அமைத்தது. மலையேற்றத்துக்குப் புதிய விதிகள் வந்தன. அந்த விதிகள் மனிதர்கள் மலைக்குப் போவதைப் பற்றியவை. எரிந்த பொருளாகிய புல்லைப் பற்றி நாம் பொதுவெளியில் பேசியது மிகக் குறைவு.

அந்தப் புல்லிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. ஆனால் இது பேசப்போவது மலைச்சரிவைப் பற்றியல்ல. தமிழ்நாட்டின் மானாவாரிச் சமவெளியில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் விரிந்துவரும் சூரிய மின் பண்ணைகளைப் பற்றி. அங்கேயும் புல் முளைக்கிறது. மழை நின்றதும் காய்கிறது. காய்ந்த புல்லின் மேல் மின்கம்பி ஓடுகிறது. அந்தப் புல்லை யார், எப்படி, எந்தப் பருவத்தில் எடுப்பது என்ற கேள்விக்கு ஊர் ஊராக ஆடு மேய்க்கும் நம் கிடைக்காரர்களிடமும் கொறங்காடு என்னும் கொங்கு நாட்டு மேய்ச்சல் காடுகளிலும் பாதி விடை ஏற்கெனவே இருக்கிறது என்பதே இங்கு நான் நிறுவ முயல்வது. மீதிப் பாதியை ஒப்பந்தங்களில் எழுதிச் சேர்க்க வேண்டும்.

குரங்கணிப் புல் சொல்லும் பாடம்

போடிநாயக்கனூரைச் சுற்றிய கிழக்குச் சரிவு மழை மறைவுப் பகுதி. வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் ஓய்ந்த பிறகு, பிப்ரவரி, மார்ச்சில் புல் முழுக்கக் காய்ந்துவிடும். மரக்கட்டை காய வாரக்கணக்கில் ஆகும்; மெல்லிய புல்தாள் வெயிலிலும் காற்றிலும் சில மணி நேரத்திலேயே ஈரத்தை இழந்துவிடும். சரிவில் தீ மேல்நோக்கிப் போகும்போது சுடர் மேலேயுள்ள புல்லின் பக்கம் சாய்ந்து, அதை முன்கூட்டியே சூடாக்குகிறது. அதனால் இறங்கும் தீயைவிட ஏறும் தீ பல மடங்கு வேகமாக ஓடுகிறது. மனிதன் சரிவில் ஏறும் வேகம் அதற்கு ஈடாகாது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் நடுத்தர உயரச் சரிவுகளில் பரவலாக வளரும் புல்லினங்களில் சுக்குநாறிப்புல் ஒன்று. ஆளுயரம் வளர்ந்து கற்றை கற்றையாக நிற்கும். அதன் வாசனை எண்ணெய் காரணமாக முற்றிய தாளை ஆடு மாடுகள் பெரும்பாலும் தொடுவதில்லை. ஆண்டுதோறும் எரிகிற, அளவுக்கு மீறி மேய்கிற இடங்களில் தின்னத்தக்க புற்கள் குறைந்துபோய், தின்னப்படாத இந்த வகைப் புற்களே மிஞ்சுகின்றன. அதாவது, கால்நடை இருந்தால் மட்டும் தீக்கு இரையாகும் புல் குறைந்துவிடாது. கால்நடை விரும்பும் புல்லும் அங்கே இருக்க வேண்டும். எந்தச் செடி வளர்கிறது என்பதும் யார் மேய்க்கிறார்கள் என்பதும் பிரிக்க முடியாத இரண்டு கேள்விகள். சூரிய மின் பண்ணைகளில் இவ்விரண்டையும் தனித்தனியாக வைத்து யோசிப்பதுதான் இன்றைய பிழை.

பேனலுக்கு அடியில்

ராமநாதபுரம் மாவட்டம் கமுதி அருகே செங்கப்படையில் 2016 செப்டம்பரில் இயங்கத் தொடங்கிய அதானி குழுமத்தின் சூரிய மின் நிலையம் 648 மெகாவாட் திறனுடையது. ஏறத்தாழ 2,500 ஏக்கர் பரப்பில் 25 லட்சம் பேனல்கள். ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே பெரியது என்று அன்று சொல்லப்பட்டது. அதன் கணக்கில் ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 4 ஏக்கர் நிலம். தமிழ்நாட்டின் மொத்த சூரிய மின் நிறுவுதிறன் இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. கூரைகளின் மேலுள்ளதைக் கழித்துவிட்டாலும், பல பத்தாயிரம் ஏக்கர் மண் பேனல்களுக்கு அடியில் இருக்கிறது.

அந்த மண்ணை நெருங்கிப் பார்த்தால் ஒவ்வொரு வரிசையிலும் மூன்று பட்டைகள் தெரியும். பேனலின் தாழ்ந்த விளிம்புக்கு நேர் கீழே ஒரு குறுகிய பட்டை: மழைநீரும் பேனல் கழுவிய நீரும் சொட்டிச் சொட்டி அங்கே புல் தழைத்து நிற்கும். அதற்குப் பின்னால், பேனலின் அடியில், நிழல்பட்ட பட்டை: கீழாநெல்லி, குப்பைமேனி, மூக்கிரட்டை போன்ற சிறு செடிகள். இரண்டு வரிசைகளுக்கு நடுவே வெயில் படும் பட்டை: அங்கே விதை வந்து விழுந்ததெல்லாம் முளைக்கும், சீமைக் கருவேலம், பார்த்தீனியம் உட்பட. ஆபத்து தொடங்குவது முதல் பட்டையில். விளிம்பைத் தாண்டி உயர்ந்த ஒரு புல்கற்றை பேனலின் ஓரத்து செல்களில் நிழலாக விழுந்தால் போதும். செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், நிழல்பட்ட செல் மற்றவற்றின் மின்னோட்டத்தையும் மட்டுப்படுத்தி, தானும் சூடேறும். நிழலின் பரப்பைவிட இழப்பின் அளவு பெரிது.

இதைத் தடுக்க நிர்வாகங்கள் பெரும்பாலும் கையாளும் வழிகள் மூன்று: புல்வெட்டும் கருவி, களைக்கொல்லி, மண்ணை அடியோடு சுரண்டி வெறுமையாக்குவது. புல்வெட்டியின் சுழலும் கம்பி கல்லைத் தெறிக்கவிட்டுக் கண்ணாடியை உடைக்கும், கேபிளை அறுக்கும். களைக்கொல்லிகளில் அதிகம் புழங்கும் கிளைபோசேட்டை, பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் வழியாக மட்டுமே தெளிக்கலாம் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் கட்டுப்படுத்தியது. வெறுமையாக்கிய மண்ணோ புழுதியாகப் பறக்கும். புழுதி பேனலில் படிந்தால் மின்சாரம் குறையும். அதைக் கழுவத் தண்ணீர் வேண்டும், அல்லது உலர்முறையில் துடைக்கும் இயந்திரம் வேண்டும். ராமநாதபுரம், விருதுநகர் போன்ற வறண்ட மாவட்டங்களில் புல்லை அழித்துவிட்டுப் புழுதியைக் கழுவ நீர் தேடுவது எந்த வகையிலும் அறிவுடைய நிர்வாகமாகாது.

இவற்றுக்கெல்லாம் மேலே தீ. 2019 ஜூனில் கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ வட்டாரத்தில் ஒரு பெரிய சூரிய மின் பண்ணையில் பறவையொன்று மின்கம்பியில் மோதித் தீப்பொறி பறந்தது. காய்ந்த புல்வெளியில் ஏறத்தாழ 1,100 ஏக்கர் எரிந்தது. பேனல்கள் பெரும்பாலும் தப்பின. ஆனால் கம்பங்களும் கேபிள்களும் சேதமுற்று, நிலையத்தின் உற்பத்தியில் பெரும்பகுதி நின்றுபோனது. பொறியாளர்கள் பறவையைத் தடுக்க முடியாது. புல் எந்த உயரத்தில், எந்த மாதத்தில் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க முடியும்.

வெளிநாட்டு அனுபவமும் அதன் அளவும்

ஆடுகளைக் கொண்டு சூரிய மின் பண்ணையை மேய்ப்பது இன்று உலகில் புதுமை இல்லை. அமெரிக்க சூரியப் பண்ணை மேய்ச்சல் சங்கத்தின் கணக்கெடுப்பு, அந்நாட்டில் சுமார் 1,29,000 ஏக்கர் சூரிய மின் பண்ணைகளில் 1,13,000 செம்மறிகள் மேய்வதாகச் சொன்னது. சீனாவின் சிங்ஹாய் மாகாணத்தில், தலதான் என்னும் வறண்ட மேட்டுநிலத்தில் பேனல்கள் நட்ட பிறகு ஆவியாதல் குறைந்து, கழுவிய நீரும் சேர்ந்து புல் வளர்ந்தது. தீயும் நிழலும் பெரிய தொல்லையானதும் நிர்வாகமே உள்ளூர் ஆட்டுக்காரர்களை அழைத்தது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் டப்போ, பார்க்ஸ் வட்டாரங்களில் மெரினோ ஆடுகள் பேனல்களுக்கு இடையே மேய்கின்றன.

ஆய்வுகளும் வந்துள்ளன. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2021இல் வெளியான ஆய்வு, பேனல் நிலத்தில் புல்லின் மொத்த விளைச்சல் திறந்த மேய்ச்சல் நிலத்தைவிடச் சுமார் 38 விழுக்காடு குறைவாக இருந்தும், தீவனத் தரம் கூடியிருந்ததால் ஆட்டுக்குட்டிகளின் வளர்ச்சி ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது என்று கண்டது. உள்நாட்டுச் செடிகளை விதைப்பது பற்றி இன்னொரு முக்கியமான ஆய்வு மினசோட்டாவில் நடந்தது. பழைய விளைநிலத்தில் அமைந்த இரண்டு பண்ணைகளில் அந்த மண்ணுக்குரிய புல்லும் பூச்செடிகளும் விதைத்து ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். பூச்சிகளின் எண்ணிக்கை மூன்று மடங்கானது. உள்நாட்டுத் தேனீக்கள் இருபது மடங்கு பெருகின. சூரிய மின் பண்ணைகளில் தேனீக்களுக்கு உகந்த செடிகள் வளர்ப்பதற்கு அளவுகோல் வகுத்துச் சட்டம் இயற்றிய முதல் மாநிலமும் மினசோட்டாவே, ஆண்டு 2016.

இந்த முடிவுகளை அப்படியே எடுத்து இங்கே நட்டுவிட முடியாது. பேனலின் சாய்வு ஏறக்குறைய அந்த இடத்தின் அட்சரேகையை ஒட்டி அமைவது வழக்கம். ஓரிகன் 44 பாகை வடக்கில் இருக்கிறது. போடிநாயக்கனூர் 10 பாகையில். நம் பேனல்கள் கிட்டத்தட்டப் படுத்த நிலையில் நிற்பதால் அடியில் நிழல் அடர்த்தி அதிகம். நடுப்பகல் சூரியன் உச்சிக்கு நெருக்கமாக நிற்பதால் வரிசைகளுக்கு இடையில் வெயிலும் கடுமை. ஆகவே நம் பண்ணையில் வெயில் பட்டைக்கு ஒரு செடிக் கூட்டமும் நிழல் பட்டைக்கு வேறொன்றும் வேண்டும். ஏலமலைத் தோட்டக்காரர்களுக்கு இது பழகிய அறிவு: பருவமழைக்கு முன் நிழல் மரங்களின் கிளையைக் கவாத்து செய்து, ஏலச்செடிக்கு எவ்வளவு வெயில் போக வேண்டும் என்று கண்ணாலேயே அளப்பவர்கள் அவர்கள். பேனலின் கிளையை வெட்ட முடியாது. அதன் நிழலுக்கேற்ற செடியைத் தேர்ந்தெடுக்க முடியும்.

கொறங்காடு: நம் மண்ணின் முன்மாதிரி

உள்நாட்டுப் புல்லும் ஆடும் சேர்ந்த நில மேலாண்மைக்கு நாம் மினசோட்டா வரை போக வேண்டியதில்லை. காங்கேயம், தாராபுரம், மூலனூர், கரூர்ப் பகுதிகளில் தலைமுறைகளாக இருந்துவரும் கொறங்காடு அதற்கான முழுமையான அமைப்பு. மழை குறைந்த சரளை மண்ணில், தனியார் பட்டா நிலத்தில், உழவர்கள் வேண்டுமென்றே வளர்த்துக் காக்கும் மேய்ச்சல் காடு அது.

அதன் அமைப்பில் மூன்று அடுக்குகள் உண்டு. தரையில் கொழுக்கட்டைப்புல், வறட்சியில் மேலே கருகினாலும் வேரில் உயிர் வைத்திருந்து முதல் மழைக்கே துளிர்க்கும். அதனோடு பயறு வகைக் கொடிகளும் சிறு பூண்டுகளும். மேலே இடைவெளிவிட்டு வெள்வேல மரங்கள். அவற்றின் காய் கோடையில் ஆட்டுக்குத் தீவனம். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. கிளுவைக் கொம்பை வெட்டி நெருக்கமாக ஊன்றினால் வேர்பிடித்து வளரும். ஓராள் உயரத்தில் பின்னிக்கொண்டு ஆடு மாடு தாண்டாத சுவராகும். அந்த வேலிக்குள் காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, படலைத் திறந்து ஒரு துண்டில் மேயவிட்டு, அது தீர்ந்ததும் அடுத்த துண்டுக்கு மாற்றுவார்கள். மேய்ந்த துண்டு இளைப்பாறும். புல் பூத்து விதை உதிர்க்க அவகாசம் கிடைக்கும். உலகெங்கும் இன்று சுழற்சி மேய்ச்சல் என்று பயிற்றுவிக்கப்படுவது இதுவே.

சூரிய மின் பண்ணைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை தெளிவானவை. வெயில் பட்டைக்குக் கொழுக்கட்டைப்புல். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் அதில் மேம்பட்ட ரகமே வெளியிட்டிருக்கிறது. அதனோடு மண்ணில் தழைச்சத்து சேர்க்கும் நரிப்பயறு, கொள்ளு. தேனீக்காகத் தும்பை. மரங்கள் பேனலுக்கு நிழல் தருமாதலால் உள்ளே கூடாது. வடக்கு எல்லையோரம் வைக்கலாம். எல்லைக் கம்பிவேலியை ஒட்டி முள்கிளுவை ஊன்றினால் காற்றோடு வரும் புழுதியும் ஓரளவு தடைபடும். முயல்மசால் என்னும் தீவனப் பயறு இங்கே பரவலாகப் பயன்படுகிறது, நல்ல தீவனமும்கூட. ஆனால் அது தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. உள்நாட்டுச் செடி என்று கணக்குக் காட்ட அதைச் சேர்க்கக் கூடாது.

எது வரக் கூடாது என்பதும் முக்கியம். ஊசிப்புல் நம் மண்ணுக்கு உரியதுதான். இளசில் ஆடு தின்னும். முற்றியதும் அதன் கூர்விதை தோலையும் வாயையும் குத்திப் புண்ணாக்கும். ஆகவே பூக்குமுன் மேய்ந்துவிட வேண்டும். உண்ணிச்செடி ஆட்டுக்கு நஞ்சு. பார்த்தீனியம் ஆளுக்கும் ஆட்டுக்கும் தோல் ஒவ்வாமை தரும். இவ்விரண்டையும் சீமைக் கருவேலக் கன்றையும் முதல் இரண்டு ஆண்டுகள் கையால் வேரோடு பிடுங்கியாக வேண்டும். நல்ல புல் நிலத்தை மூடியபின் வேலை குறையும்.

கிடைக்காரரின் ஆண்டுச் சுற்று

புல்லை விதைத்தாயிற்று, ஆடு எங்கிருந்து வரும்? 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 45 லட்சம் செம்மறிகள் உண்டு. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், மதுரை, தேனி மாவட்டங்களில் இவற்றில் கணிசமானவை கிடை ஆடுகள். பல வீட்டு ஆடுகளை ஒன்றாகச் சேர்த்துக் கீதாரியின் தலைமையில் ஊர் ஊராக ஓட்டிச் செல்வார்கள். பகலில் மேய்ச்சல். இரவில் ஒரு விவசாயியின் வயலில் வலையடித்துப் பட்டி போட்டு அடைப்பார்கள். இளங்குட்டிகளுக்குத் தனிக் கூடு. விடியும்போது வயலெங்கும் புழுக்கையும் மூத்திரமும் உரமாகக் கிடக்கும். அதற்கு நிலத்துக்காரர் கூலி கொடுப்பார், பணமாகவோ நெல்லாகவோ. மாட்டு எரு மறுவருசம், ஆட்டு எரு அவ்வருசம் என்று உழவர்கள் சொல்வது இந்த உரத்தின் வேகத்தை அறிந்துதான்.

இந்தச் சுற்றில் ஒரு இக்கட்டான காலம் உண்டு. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் தஞ்சைப் பகுதியின் தாளடி வயல்கள் கிடைகளுக்குத் திறக்கும். கம்பம் பள்ளத்தாக்கிலும் அறுவடைக்குப் பிந்தைய வயல்களில் கிடை இறங்கும். கோடை முழுவதும் அப்படி ஓடும். ஐப்பசி மழை தொடங்கியதும் எல்லா வயலும் பயிராகிவிடும். ஆடு கால்வைக்க இடமிருக்காது. அப்போது சொந்த ஊருக்குத் திரும்பும் கிடைகள் மேய்க்கால் புறம்போக்கையும் கண்மாய்க் கரையையும் தரிசையும் நம்பியே கார்த்திகை, மார்கழியைத் தாண்டுகின்றன. பெரிய சூரிய மின் பண்ணைகள் தேடி வாங்குவதும் பெரும்பாலும் அதே வகை நிலத்தைத்தான்: சமதளமான, விலை குறைந்த, பயிரில்லாத தரிசு. ஏட்டில் அது பயனற்ற நிலம். ஆட்டுக்காரருக்கு அது மழைக்காலத்தின் ஒரே புகலிடம்.

இப்போது இரண்டு நாட்காட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேனல் நிலத்தில் புல் கிளம்புவது ஐப்பசியில். விளிம்பைத் தொடுவது கார்த்திகை, மார்கழியில். காய்ந்து தீக்கு இரையாவது மாசி, பங்குனியில். கிடைக்கு இடமில்லாத மாதங்களும் பண்ணைக்குப் புல் தொல்லையாகும் மாதங்களும் ஒன்றே. தீக்காலம் தொடங்கும்போது புல் ஆட்டின் வயிற்றுக்குள் போயிருக்கும். கிடை தஞ்சைக்கோ கம்பத்துக்கோ கிளம்பியிருக்கும். இவ்வளவு பொருத்தமாக அமைந்த ஏற்பாட்டை வேலி போட்டுத் தடுத்து வைத்திருக்கிறோம். பாவகடா அதற்கு உதாரணம். கர்நாடகத்தின் அந்த 2,050 மெகாவாட் பூங்காவுக்காகச் சுமார் 13,000 ஏக்கர் குத்தகைக்கு எடுக்கப்பட்டது. நிலமுள்ளவர்களுக்கு ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று குத்தகை தொடங்கியது. நிலமில்லாத ஆட்டுக்காரர்களுக்கு அதில் பங்கில்லை, மேய்ச்சலும் போயிற்று.

எந்த ஆடு, எத்தனை, எத்தனை நாள்

வெள்ளாடு இந்த வேலைக்கு ஆகாது. முன்னங்கால் வைத்து ஏறும், கேபிளைக் கடிக்கும். மாடு பேனலின் தாங்கிக் கம்பத்தில் உடம்பைத் தேய்க்கும். செம்மறி தலை தாழ்த்தித் தரையோடு மேயும், கூட்டத்தைப் பிரியாது. மேச்சேரி ஆடு, ராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல் ஆகியவை இந்த வெயிலுக்குப் பழகியவை. வேம்பூர்ப் பொட்டு ஆடு உயரமானது. தாழப் பேனல் நட்ட பண்ணைக்கு ஒத்துவராது. புதிதாக அமைக்கும் பண்ணைகளில் பேனலின் தாழ்ந்த விளிம்பைத் தரையிலிருந்து 80 சென்டிமீட்டருக்குக் குறையாமல் வைத்தால் நம் நாட்டுச் செம்மறிகள் பெரும்பாலும் தடையின்றி நடக்கலாம். அடியில் தொங்கும் கேபிள்களைக் குழாய்க்குள் விட்டு மேலே கட்டிவிட வேண்டும். ஆடு இல்லாவிட்டாலும் செய்ய வேண்டிய வேலை அது.

எத்தனை ஆடு என்பதற்கு ஒரு உத்தேசக் கணக்கு. 25 கிலோ எடையுள்ள பெட்டை ஆடு நாளொன்றுக்கு ஈரப்பதம் நீக்கிய கணக்கில் முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை புல் தின்னும். 200 ஆடுகள் கொண்ட கிடைக்கு நாளுக்குச் சுமார் 175 கிலோ. ஒரு ஏக்கரில் ஒரு டன் உலர்புல் இருப்பதாக வைத்துக்கொண்டு, பாதியைத் தின்னக் கொடுத்துப் பாதியை வேருக்கும் மண்ணுக்கும் விட்டால், அந்தக் கிடைக்கு ஒரு ஏக்கர் மூன்று நாள் வரும். 100 ஏக்கர்ப் பண்ணையை மூன்று மாதத்தில் மேய்ந்து முடிக்க அப்படி மூன்று அல்லது நான்கு கிடை வேண்டும். மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ப இந்த எண்கள் மாறும். ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைப் பத்து இடத்தில் வைத்து அறுத்து, காயவைத்து, நிறுத்துப் பார்த்தால் அந்தந்தப் பண்ணைக்குரிய எண் கிடைத்துவிடும்.

மழைக்கால மேய்ச்சலுக்கு உரிய ஆபத்துகளும் உண்டு. புதுத் துளிரை வயிறு முட்டத் தின்னும் ஆட்டுக்குத் துள்ளுமாரி நோய் வரும். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டாக வேண்டும். ஈர நிலத்தில் குடற்புழு பெருகும். களைக்கொல்லி தெளித்த பண்ணைக்குள் ஆட்டை விடவே கூடாது. கிடைக்காரர் கையிலிருக்கும் தொரட்டி நீளமானது. மின்பாதைக்கு அடியில் அதை உயர்த்தக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

கூலி யாருக்கு

இங்கேதான் இந்த ஏற்பாடு நியாயமாகவோ அநியாயமாகவோ ஆகும். இலவசமாகப் புல் கிடைக்கிறதே, ஆட்டுக்காரர் நிர்வாகத்துக்குப் பணம் கட்டட்டும் என்ற வாதம் எளிதில் எழும். அது தலைகீழான வாதம். அமெரிக்காவில் பண்ணை நிறுவனங்கள் மேய்ப்பருக்குக் கூலி கொடுக்கின்றன. புல்வெட்டும் செலவு அவர்களுக்கு மிச்சமாகிறது. நம் மரபிலும் கிடை வந்து இறங்கினால் நிலத்துக்காரரே கூலி கொடுத்தார். கீதாரி செய்வது ஒரு சேவை: நிழலைத் தடுக்கிறார், தீயைத் தடுக்கிறார், மண்ணுக்கு உரம் சேர்க்கிறார். புல்வெட்டவும் மருந்தடிக்கவும் இன்று ஒதுக்கும் தொகை அவருக்குப் போய்ச் சேர வேண்டும். அதோடு குடிநீர்த் தொட்டி, இரவுப் பட்டி போட வேலியோரம் இடம், பல ஆண்டுகளுக்கான எழுத்து ஒப்பந்தம் ஆகியவையும் வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு வாயில்காப்பாளரின் தயவை எதிர்பார்த்து நிற்கும் நிலை உரிமையாகாது.

எருவுக்கும் சந்தை உண்டு. தேனி மாவட்டச் சமவெளியின் சாணமும் ஆட்டெருவும் லாரிகளில் போடிமெட்டு ஏறி ஏலத் தோட்டங்களுக்குப் போவது நெடுங்கால வழக்கம். வேலியோரப் பட்டியில் சேரும் புழுக்கையை வாரி விற்றால் அது கிடைக்காரருக்கு இன்னொரு வருமானம். ஏலமலைக்கு உரமும், சமவெளிக்கு மின்சாரமும், ஆட்டுக்கு மேய்ச்சலுமாக ஒரே நிலம் மூன்று பயனைத் தரும்.

எல்லைக்கோடுகள்

இரண்டு எல்லைகளை உறுதியாகச் சொல்லிவிட வேண்டும். முதலாவது, இந்த யோசனை மேய்ச்சல் நிலத்தைப் பறிப்பதற்கான சமாதானமாகிவிடக் கூடாது. ஊர்ப் பொதுநிலங்களைக் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. மேய்க்கால் புறம்போக்கை எடுத்து பேனல் நட்டுவிட்டு, நாங்கள் ஆடு விடுகிறோம் என்று சொல்வது ஈடாகாது. ஏற்கெனவே அமைந்துவிட்ட பண்ணைகளுக்கும் தனியார் பட்டாவில் அமையப்போகும் பண்ணைகளுக்குமே இது பொருந்தும்.

இரண்டாவது, குரங்கணிச் சரிவு போன்ற மலைப் புல்வெளிக்கு இந்தத் தீர்வை நீட்டக் கூடாது. மலையில் தீயும் மேய்ச்சலும் காட்டுயிரும் கலந்த சிக்கல் வேறு. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பிறகு அதைச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் என்ற அளவோடு நிறுத்தியது. தேனியின் மலைமாட்டுக்காரர்கள் அந்தத் தடையால் பட்ட பாடு தனியாக விவாதிக்க வேண்டிய பெரிய விஷயம். மலைச் சரிவில் பேனல் நடுவதும், காட்டுக்குள் கிடையைத் திருப்பிவிடுவதும் இந்தக் கட்டுரையின் பரிந்துரைகள் அல்ல. சமவெளியில் கிடைகளுக்கு உறுதியான மழைக்கால மேய்ச்சல் கிடைத்தால் மலையடிவாரக் காட்டின் மேலுள்ள அழுத்தமும் ஓரளவு தணியலாம்.

எங்கிருந்து தொடங்குவது

சூரிய மின் திட்டங்களுக்கு 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் முன் அனுமதி தேவையில்லை. ஆகவே மண்ணையும் செடியையும் என்ன செய்யப்போகிறீர்கள் என்று அந்த நடைமுறை வழியாக யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய இடம் ஒப்பந்தப் புள்ளி. மின்சாரம் வாங்கும் அரசு நிறுவனங்கள் தங்கள் ஒப்பந்தப் புள்ளியில் நான்கு நிபந்தனைகளைச் சேர்க்கலாம்: மண்ணை அடியோடு சுரண்டக் கூடாது, அந்த வட்டாரத்துப் புல்லும் பயறும் விதைக்க வேண்டும், பேனலின் தாழ்விளிம்பு ஆடு நுழையும் உயரத்தில் இருக்க வேண்டும், பராமரிப்புச் செலவில் ஒரு பங்கு உள்ளூர்க் கிடைக்காரர்களுக்குக் கூலியாகப் போக வேண்டும்.

ஆதாரம் திரட்டத் தேனி மாவட்டமே நல்ல இடம். வீரபாண்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. கிடை போடத் தெரிந்த குடும்பங்கள் இருக்கின்றன. ராஜஸ்தானின் ஜோத்பூரில் மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனம் 105 கிலோவாட் பேனல்களுக்கு இடையே பயிர் வளர்த்து ஆய்ந்திருக்கிறது. தெற்கில் புல்லையும் ஆட்டையும் வைத்து அதுபோல் ஒன்று நடக்க வேண்டும். ஒரு பண்ணையை மூன்றாகப் பிரித்து, ஒன்றில் புல்வெட்டி, ஒன்றில் இப்போதுள்ள களையின் மேல் ஆடு, ஒன்றில் கொழுக்கட்டைப்புல் விதைத்து ஆடு என்று இரண்டு பருவமழைக் காலம் பார்க்கட்டும். மாசி மாதத்தில் நிற்கும் காய்ந்த புல்லின் எடை, பேனலில் படிந்த புழுதி, கழுவிய நீர், ஆட்டின் எடைக்கூடுதல், கிடைக்காரர் கைக்கு வந்த பணம் ஆகிய ஐந்தையும் அளக்கட்டும். ஆராய்ச்சியாளர்களோடு கீதாரிகளும் சேர்ந்து அமர்ந்து அந்த ஆய்வைத் திட்டமிட வேண்டும். எந்தப் புல்லை எந்த வாரத்தில் ஆடு விரும்பும் என்ற அறிவு அவர்களிடம்தான் இருக்கிறது.

கரி எரிக்காத மின்சாரம் நமக்கு வேண்டும். அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. அந்த மின்சாரத்துக்கான நிலம் யாருடைய மேய்ச்சலாக இருந்தது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அடுத்த ஒப்பந்தப் புள்ளியில் அந்த நான்கு நிபந்தனைகள் ஏறினால், அதற்கு அடுத்த ஐப்பசியிலேயே ஒரு கிடைக்குப் போக இடம் கிடைக்கும்.